பாலத்துக்குப் பதினொரு நிமிடம்

பாலத்தைக் கடக்க டிராமுக்கு மூன்று நிமிடம் போதும்.
என் கணக்கில் பதினொன்று.
ரீகாவில் டௌகவா ஆற்றைத் தாண்டுவதென்றால்
ஆட்கள் அவ்வளவு யோசிக்கிறார்கள்.
மிச்ச எட்டு நிமிடமும் யோசனையின் நீளம்.
கணினியில் அதற்கொரு குறியீடு உண்டு, பெயர் இல்லை.

ஊரை நூற்றெண்பது கட்டங்களாக வெட்டியிருக்கிறோம்.
கட்டத்துக்குக் கட்டம் ஓர் இழுப்பு:
கடைகளின் சதுர மீட்டர், மருந்தகம், பள்ளி.
தூரத்துக்குத் தூரம் ஒரு தயக்கம்.
இந்த இழுபறியில் வெல்வதுதான்
புதன்கிழமை நீங்கள் ரொட்டி வாங்கும் இடம்.
பெரும்பாலும் சரியாகவே வருகிறது.
மனிதர்கள் ரொம்ப தூரம் போவதில்லை.

ஆனால் 4471.
பெண், வயது ஐம்பத்தெட்டு, கட்டம் 37, கார் இல்லை.
பயணக் குறிப்பேட்டில் பென்சில் எழுத்து:
புதன் 10.05 வீடு. 10.50 கடை.
நோக்கம், பொருள் வாங்குதல்.
ஓரத்தில், யாரும் கேட்காமலே,
'புளித்த முட்டைக்கோஸ், அரைக் கிலோ.'

முட்டைக்கோஸ் அவள் வாசலிலிருந்து
நூற்றைம்பது மீட்டரில் கிடைக்கிறது.
டிராம் வழியில் இன்னும் ஒன்பது கடைகளைத் தாண்டுகிறது.
அதற்கப்புறம்தான் ஆறே வருகிறது.
வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று என்றது கணக்கு.

'தூக்கிப் போடு' என்றார் குன்டிஸ்.
'எல்லா ஊரிலும் இப்படி ஒருத்தி இருப்பாள்.'

போடவில்லை.
அவள் போகும் கட்டத்துக்குச் சிறு மாறிலி ஒன்றைச் சேர்த்தேன்.
காரணம் தெரியாத கவர்ச்சியை
எங்கள் தொழிலில் அப்படித்தான் அழைப்போம்.
இரவெல்லாம் ஓடியது கணினி.
விடிந்து பார்த்தால்
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
டிராம் வழிய வழியப் பாலத்தின் மேல்
முட்டைக்கோஸ் வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.
ஒருவர்கூடப் பிறந்தவரில்லை.
ஆஸ்ட்ரா சிரித்த சிரிப்பில்
விசைப்பலகை முழுக்கக் காப்பி.

மாறிலியை அழித்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் வீடு திரும்பினார்கள்,
எந்த வீட்டுக்கோ.

அடுத்த புதன் நானே போனேன்.
அக்கரையில் பச்சை ஒன்றும் இல்லை,
பிப்ரவரி.
உப்புத் தூவிய நடைபாதை. ஒரு கடை. மூன்று பீப்பாய்.
எடை போட்டவள் முகம் நிமிர்த்தவில்லை.
சீமைச் சீரகம் கூடிவிட்டதா என்று
இரண்டு பெண்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.
ஒருத்தி 4471 ஆக இருக்கலாம்.
எண்ணுக்கு ஏது ஜாடை?

அரைக் கிலோ வாங்கினேன்.
நன்றாகத்தான் இருந்தது.
அவ்வளவு நன்றாக இல்லை.

திரும்புகையில் பாலத்தின் நடுவே டிராம் நின்றுபோயிற்று,
முன்னால் ஏதோ பழுது.
கீழே உறைந்த ஆற்றில் துளையிட்டு
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தார் ஒருவர்.
எல்லோரும் சன்னலில் நெற்றி வைத்து
அவருக்கு மீன் கிடைக்கிறதா என்று பார்த்தோம்.
பதினான்கு நிமிடம். கிடைக்கவில்லை.
என் மடியில் பொட்டலம் கசிந்துகொண்டிருந்தது.

என் குறிப்பேட்டில் அன்றைய பக்கம்:
நோக்கம், பணி. அடித்திருக்கிறேன்.
பொருள் வாங்குதல். அதையும்.
இன்னும் ஒப்படைக்கவில்லை.
குன்டிஸ் இரண்டு முறை கேட்டுவிட்டார்.