கட்டம் இல்லாத காரணம்

புந்தா அரேனாஸ் காற்று
கதவைத் தட்டாது, தள்ளிக்கொண்டு வரும்.
அப்படித்தான் வந்தான் எவாரிஸ்தோ,
மூன்றாம் நாளும் இருபது நிமிடம் தாமதமாக.
நண்டு ஆலையில் இருபது நிமிடம் என்றால்
எட்டுப் பெட்டி.
மேற்பார்வை நான். எச்சரிக்கைக் கடிதம்
கையெழுத்தோடு என் பையில்.

காரணம் கேட்டேன்.
கையுறையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"நாய் செத்துப்போச்சு.
விடியக்காலை அது நடக்கிற வழியில
நான் மட்டும் நடந்துட்டு வர்றேன்."
சட்டைப்பையில் கயிறு
இன்னும் சுருண்டு கிடந்தது.

படிவத்தில் காய்ச்சலுக்குக் கட்டம் உண்டு,
தாய் தந்தை சாவுக்கு உண்டு.
"பேர் என்ன?"
"தீசோன். கொள்ளிக்கட்டை மாதிரி கறுப்பு."
கடிதத்தை நான்காய் மடித்து
ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் செருகினேன்.
"இந்த வாரம் இருபது நிமிஷம் கழிச்சே வா.
சாயங்காலம் ஈடுகட்டு."

இரவு, வீட்டில் சூப்.
எதிரே ஒஸ்வால்தோ. அவன் காலணியில் ஈரம்.
இன்று மழையே இல்லை.
எத்தனை நாளாக இந்த ஈரம்?
நாற்பது பேர் முகம் பார்த்துவிட்டு வருகிறவள் நான்.

"எங்கே போயிருந்தே?"
விசாரணை மாதிரி விழுந்தது.
கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
மறுபடி கேட்டேன்.

சூப் ஆறிவிட்டது.
சொல்லிக்கொண்டிருக்கிறான்,
இன்னும் கப்பல்துறையைத் தாண்டவில்லை.