சரளைக்கு மேல் காடு

பதினைந்து வருடம் முன்பு
இந்த முற்றத்தில் சரளைக்கல் கொட்டியவனும் நான்தான்.
லாஹ்தி நகரசபை ரசீதில் என் கையெழுத்து இன்னும் இருக்கும்:
ரெய்யோ கொக்கரினென், நாற்பது டன், கழுவிய கல்.
கழுவியதுதான் வேண்டும் என்றார்கள்.
சேறாகாது, பூட்ஸில் ஒட்டாது,
வீட்டில் துவைக்கிற வேலை மிச்சம்.

இன்று மே மாதம். பனி உருகி இரண்டு வாரம்.
லாரியில் காடு ஏற்றி வந்திருக்கிறேன்.
மரம் இல்லை, மரத்தின் காலடி.
புதுச்சாலைக்கு வெட்டும் இடத்திலிருந்து
பாய்போலச் சுருட்டி எடுத்தது:
பாசி, பில்பெரிச் செடி, ஊசியிலைச் சருகு,
பேர் தெரியாத வேர்கள்,
விழித்தும் விழிக்காத ஓர் எறும்புக் குடும்பம்.
இதற்கு என்ன ரேட் என்று
ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை.
சரளைக் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்.

ஆராய்ச்சி செய்கிறவள் சைலா நூர்மேலா.
பை நிறையக் குட்டிக் குழாய்கள்.
குழந்தைகளிடம் இப்போது கொஞ்சம் ரத்தம்,
ஒரு மாதம் மண்ணில் புரண்ட பின் கொஞ்சம்.
குத்திய இடத்தில் கரடிப் படம் ஒட்டிய ஈவரி
என் முழங்காலைத் தட்டினான்.
"இது யாரோட காடு?"
உன்னோடது என்றேன்.
ஒரு பிடி பாசியைப் பிய்த்து
வாயில் போட்டுக்கொண்டான்.
ஓடி வந்த டீச்சரை சைலா கைகாட்டி நிறுத்தினாள்.
டீச்சர் நின்றாள், அவள் விரல்கள் மட்டும்
டிஷ்யூ தேடிப் பைக்குள் துழாவிக்கொண்டே இருந்தன.

காப்பி ஆறும்வரை சைலா சொன்னாள்:
உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது.
சின்ன வயதிலேயே அது தெருவில் நின்று
யார் அண்டைவீட்டான், யார் வழிப்போக்கன், யார் திருடன் என்று
முகம் பழக வேண்டும்.
ஒருவரும் வராத தெருவில் நிறுத்திவைத்தால்
ஆடும் திரைச்சீலைக்கும் துப்பாக்கி தூக்கும்.
பிர்ச் மகரந்தத்துக்கு, வேர்க்கடலைக்கு,
சில சமயம்...

சொந்த வீட்டுக்கே, என்றேன் நான்.
அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அந்தச் சரளையில் ஓடிய முதல் கூட்டத்தில்
என் மகள் வென்லாவும் உண்டு.
ஏழு வயதில் அவளுக்குள்
வேலியே பயிரை மேய்ந்தது.
இன்சுலின் விளைந்த சிறு பாத்தி
ஒரே குளிர்காலத்தில் வெறுந்தரை.
இப்போது பத்தொன்பது, துர்க்குவில் படிக்கிறாள்.
அவள் இடுப்பு பம்பு ராத்திரி இரண்டு மணிக்குக் கத்தினால்
என் போனும் இங்கே கத்தும்.
அவள் ஜூஸ் குடித்து எண் ஏறும்வரை
திரையைப் பார்த்துக் கிடப்பேன்.
இருவரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம்.

"அன்றைக்கு நான் கல்லைக் கொட்டாமல் இருந்திருந்தால்?"

தெரியாது, என்றாள் சைலா.
ரத்தத்தில் ஏதோ சாந்தமாகிறது, அவ்வளவுதான் தெரியும்.
அது நிலைக்குமா, நோயைத் தடுக்குமா, தெரியாது.
மரபணு இருக்கிறது, வைரஸ் இருக்கிறது,
இவ்வளவையும் ஒரு லாரியில் ஏற்ற முடியாது.

பொய் சொல்லியிருக்கலாம்.
எந்தப் பக்கம் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

முற்றத்தைப் படம் எடுத்து வென்லாவுக்கு அனுப்பினேன்.
"லேட்டா கொண்டுவந்திருக்கீங்க,
தள்ளுபடி கேக்கச் சொல்லுங்க" என்று பதில்.
சிரித்தேனா என்று தெரியவில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு
மிச்சச் சுருள்களை வெறுங்கையால் விரித்தேன்.

கடைசிச் சுருள் போதவில்லை.
கேட் பக்கம் இரண்டு முழம் சரளை தெரிகிறது.
சிவப்புத் தொப்பிக்காரி ஒருத்தி அங்கே குந்தி
என் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து
பாசிக்கு அடியில்
படுக்கவைத்துக்கொண்டிருக்கிறாள்.