ஏழு சதவீதம்

தறி நின்று பத்தொன்பது நாள்.
சோமனூருக்குக் காது திரும்பியிருக்கிறது.
பக்கத்து வளவில் யாரோ வெங்காயம் அரிவதுகூடக் கேட்கிறது.

கலெக்டர் ஆபீசில் கூலிப் பேச்சு நடக்கிறதாம்.
நான் மிதுலாவின் செல்லில்
அணு உலை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு புராஜெக்டுக்கு
அவள் இறக்கி வைத்த விளையாட்டு.
திரையில் நீல வட்டம், நடுவே கம்பிகள்.
தூக்கினால் சூடு ஏறும், இறக்கினால் அடங்கும்.
மூலையில் விளக்கில்லாத ஒரு ஊர்.
பேர் வைக்கச் சொன்னது.
கருமத்தம்பட்டி என்று வைத்தேன்.

முதல் தடவை பேராசை.
எல்லாக் கம்பியையும் ஒரே இழுப்பில் தூக்கிவிட்டேன்.
ஒன்று உடைந்து இரண்டைத் தெறிக்க,
இரண்டும் போய் நாலை உடைக்க,
சந்தைக்குள் நுழைந்த வதந்தியாட்டம்
மூச்சு விடுவதற்குள் திரை சிவந்தது.

"ஒன்னுக்கு ஒன்னு போதும்மா.
ஒரு உடைப்புக்கு அடுத்து ஒரே உடைப்பு.
அப்பத்தான் சீரா ஓடும்."

இந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.
போன நாடாவே திரும்பி வரணும்,
அடிக்கு ஒரு இழை.

இரண்டாம் தடவை
ஒவ்வொரு கம்பியாய், நூல் நூலாய்த் தூக்கினேன்.
கருமத்தம்பட்டி முழுக்க வெளிச்சம்.
பஸ் ஸ்டாண்டு, பேக்கரி, எல்லாம் எரிந்தது.
ஊர் உறங்கட்டும் என்று
கம்பிகளை அடிமட்டும் இறக்கினேன்.
முள் சரிந்து படுத்தது.

நின்ற உலைக்கு எதுக்குத் தண்ணி மோட்டார்?
சும்மா ஓடுகிற மோட்டாரைப் பார்த்தால்
என் கை சும்மா இருக்காது.
இரண்டு மாசத்துக்கு ஒருக்கா வரும்
கரண்டு பில் பழக்கிய கை.
அணைத்தேன்.

விளையாட்டுக் கடிகாரத்தில் அரை மணி ஓடியது.
சூடு இறங்கவில்லை.
ஏறியது.
உலை உருகிவிட்டது என்று எழுத்து வந்தது,
மகளிடம் மாட்டிக்கொண்டவள் மாதிரி விழித்தேன்.

"நிறுத்திப்போட்டனே கண்ணு!"

தெர்மாகோல் அறுத்துக்கொண்டே சொன்னாள்:
"நிறுத்துனாலும் ஏழு பர்சன்ட் இருக்கும்மா.
ஒடஞ்ச துண்டெல்லாம் உள்ளுக்குள்ள கொதிச்சுட்டே கெடக்கும்.
ஒரு மணி நேரத்துல ஒன்றரை ஆகும்.
ஒரு நாள் கழிச்சும் அரை இருக்கும்.
தண்ணிய மட்டும் நிறுத்தக் கூடாது."

ஏழு.

தறியை நிறுத்திய அன்று
எட்டு மோட்டார் மேலும் கை வைத்துப் பார்த்தேன்.
காப்பி குடித்து வருவதற்குள் ஆறிவிட்டன.
தறி நேர்மையானது, நின்றால் நின்றதுதான்.

போன தடவை கையெழுத்தானது.
வெடி போட்டார்கள்.
போராட்டம் முடிந்தது என்று
சங்கத்துக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.
எழுதிய கூலி மூன்று மாசம் வந்தது.
அப்புறம் பத்து பைசா, பத்து பைசாவாய்க் கழிந்தது,
யாரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.
தார் போடும் ரங்கநாயகி மட்டும்
நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தாள்.
அவளை நச்சரிப்புக்காரி என்றோம்.
நானும்தான் சொன்னேன்.

மூன்றாம் தடவை ஓட்டுகையில்
செல்லின் நெற்றியில் செய்தி வந்து விழுந்தது:
பேச்சு முடிந்தது, நாளை முதல் தறி ஓடும்.
தெருமுனையில் சரவெடி.

கம்பிகள் அடியில் கிடக்கின்றன.
கருமத்தம்பட்டி உறங்குகிறது.
மோட்டார் ஓடுகிறது, திரையில் காசு குறைகிறது.

"சாப்பிட வாம்மா, அதான் நின்னுருச்சே!"

"இரு கண்ணு," என்றேன்,
"ரங்கநாயகி நம்பர் இதுல இருக்குதா பாரு."