நாலு வாட்

லங்னாவ் பழையசாமான் கடையில்
பனிச்சறுக்குச் சப்பாத்துகளுக்கும்
கைபிடி உடைந்த ஃபொண்டு சட்டிக்கும் நடுவில்
அது கிடந்தது.
நீல முகம், கறுப்பு உடம்பு,
பின்னால் இரண்டு கொம்பு.
ஆறு பிராங்.

மீனுக்குச் செவுள் தூக்கிப் பார்ப்பதுபோல்
ரவுட்டரைக் கவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும்.
அடிச்சீட்டில் நாலாம் பதிப்பென்றால் வாங்கலாம்.
ஐந்தென்றால் நினைவகம் பாதி,
நாங்கள் ஊட்டும் மென்பொருள் அதன் வயிற்றில் தங்காது.
அந்த எண்ணுக்கு மேலேயே
யாரோ விலைச்சீட்டை ஒட்டியிருந்தார்கள்.
நகத்தால் சுரண்டினேன்.
கடைக்காரப் பெண் என் நகத்தையே பார்த்தாள்,
விலையை மாற்றுகிறாள் இவள் என்று.
நாலு.

போன வருடம் பாராமல் வாங்கிய ஐந்து
இன்றைக்கும் என் குளியலறைக் கதவுக்கு
முட்டுக்கொடுத்துக் கொண்டிருக்கிறது.

இரவு வேலை முடிந்து வந்து
புதிய பெட்டியின் பழைய புத்தியை அழித்தேன்.
யாரோ வீட்டு மாடத்தில்
கடவுச்சொல் கேட்டுக் கேட்டு வாழ்ந்த பெட்டி.
அமெச்சூர் அலைவரிசையில் பூட்டு கிடையாது.
மறைத்து எதையும் சொல்லக் கூடாது,
யாரென்று அடிக்கடி சொல்லியாக வேண்டும்.
பெயரைச் சொல்லாமல் இருக்கப் பழகிய காலம்
எனக்கு ஒன்று இருந்தது.
இதற்கு அது தெரியாது.
பத்து நிமிடத்துக்கொரு தரம்
என் அழைப்புக்குறியைக் கூவுகிறது
பள்ளத்தாக்கு முழுக்க.

அக்கரைச் சரிவில் வெரேனா,
பகலில் மஞ்சள் தபால் வண்டி ஓட்டுகிறவள்.
ஜனவரியில் அவள் கூரையும் என் பால்கனியும்
ஒன்றையொன்று கண்டுகொண்டன.
மூன்று கிலோமீட்டர் காற்று,
நடுவே இலையில்லாத ஒரு வால்நட் மரம்.
முதலில் கடந்து வந்தது அவள் பூனை,
காதிலிருந்து தொடங்கி,
வால் வந்துசேரப் பன்னிரண்டு நொடி.

மே மாதம் மரம் தளிர்த்தது.
நாளொரு டெசிபெல்லாகச் சிக்னல் இறங்கியது.
ஒரு மழை நாளில்
ஈர இலைகள் எல்லாவற்றையும் குடித்துவிட்டன.
வெரேனா அனுப்பிய வானிலைக் குறிப்பில்
காற்றின் வேகம் வந்தது,
மழையின் அளவு வரவில்லை.

மரத்துக்காரர் ஹான்சுவேலி கெர்பர்.
வெட்டச் சொல்லத்தான் வருகிறோம் என்று
குரைக்கிற நாயை அடக்காமல் நின்றார்.
வெட்ட வேண்டாம்,
கொட்டகை முகட்டில் ஒரு பெட்டிக்கு இடம் தாருங்கள்,
மரத்தைச் சுற்றி அதுவே வழி தேடிக்கொள்ளும் என்றோம்.

எவ்வளவு கரண்ட் தின்னும்?
நாலு வாட்.
எனக்கு என்ன கிடைக்கும்?
வெரேனா விளக்கத் தொடங்கினாள்:
உரிமம் இல்லாதவர் இதில் ஒரு சொல்லும் அனுப்ப ஏலாது,
இணையம் வராது,
தொலைக்காட்சியும் வராது...
ஒன்றுமில்லை, என்றேன் நான்.

கொஞ்ச நேரம் மாடுகளைப் பார்த்தார்.
பிறகு போய்
ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

நாலாம் பதிப்பை ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து
முகட்டில் கட்டினோம்.
அன்றிரவு பூனை முழுதாக வந்தது.

நேற்றுப் பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது.
வெறும் சாதாரணத் தொலைபேசி.
கெர்பர்.
பச்சை விளக்கு அணைந்துபோச்சு,
நீங்கள் இரண்டு பேரும் கதைக்க முடியாதே, என்றார்.

நாங்கள் கதைத்து ஒரு கிழமை.
வெரேனா ஒன்பது மணிக்கே நித்திரை கொள்கிறவள்.
அதை அவருக்குச் சொல்லவில்லை.
பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகுங்கள் என்றேன்.
கதவுச் சத்தம், நாய், சேற்றில் நடை,
நெடுநேரம் ஒன்றுமில்லை.

வந்திட்டுது, என்றார்.
அவர் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.
சமையலறை ஜன்னலில் நின்று அவரும்
திரைக்கு முன்னால் நானும்
அது எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.