நான்காவது கையெழுத்து

பெறுநர்: மண்டல சுகாதார அலுவலர்.
பொருள்: துர்நாற்றம், ஈ, கொசு,
விடியுமுன் மாடு கத்துதல்.
கீழே பதினேழு பெயர்கள்.
நான்காவது நான்.
பேனா எழுதவில்லையென்று
இரண்டு முறை அழுத்திப் போட்ட கையெழுத்து.

ஓட்டேரியில்
எங்கள் அடுக்ககத்துக்கும் கால்வாய்ச் சுவருக்கும் நடுவே
ரீசார்ஜ் கடை வைத்திருந்தார் ருக்மாங்கதன்.
ஊரே தன் போனுக்குத் தானே காசு போடப் பழகியதும்
ஷட்டரை இறக்கினார்.
நாலு மாதம் கழித்து ஏற்றியபோது
பின்கட்டில் மூன்று மாடுகள்,
காதில் மஞ்சள் வில்லை.

ஒன்றின் பெயர் லோன்.
"பேங்க் குடுத்தது. வேற எப்படிக் கூப்புட?"
என்பாள் அவர் மனைவி செஞ்சுலட்சுமி.
தவணை தேதியில் அதற்கு மட்டும்
பருத்திக்கொட்டை ஒரு பிடி கூட.

மாநகராட்சி நோட்டீஸ் வந்தது.
கூடவே, யார் செய்த நல்வினையோ,
எங்கள் மனுவின் நகல்:
பெயர், கதவு எண், மாடி எண்,
ஒழுங்காக, வரிசையாக.

அந்த வாரம் லோன் கன்று ஈன்றது.

மறுநாள் சாயங்காலம் அழைப்பு மணி.
செஞ்சுலட்சுமி நிற்கிறாள்.
இடது கையில் எவர்சில்வர் தட்டு.
வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்த சீம்பால்,
துண்டு துண்டாக, இன்னும் நடுங்கிக்கொண்டு.
வலது கையில் மடித்த தாள்.
"நாலாவது நீங்கதானே சார்?"
கோபமில்லை. கிண்டலுமில்லை.
தபால்காரர் கேட்பதுபோல் கேட்டாள்.
கேட்டுவிட்டு ஐந்தாம் எண்ணுக்குப் படியேறினாள்.

கதவைச் சாத்திக்கொண்டு தின்றோம்.
யாரும் எதுவும் பேசவில்லை.
தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை
என் மகள் விரலால் வழித்தாள்.

முதல் நாள் பால் வாங்கியபோது
அவள்தான் கத்தினாள்:
"அப்பா, டம்ளர்ல பிளாஸ்டிக் மிதக்குது!"
பதினோரு வயது.
நீலம், பச்சை, ஆரஞ்சு என்று
நிறத்தால் மட்டுமே பாலை அறிந்தவளுக்கு
ஆடை என்றால் சட்டைதான்.

இப்போது ஐந்தே முக்காலுக்கு வரிசை.
செல்போன் கவர் தொங்கிய கொக்கிகளில்
தூக்குவாளிகள் தொங்குகின்றன,
மூடியில் பெயின்ட்டால் வீட்டு எண்.
சிம் கார்டு விற்ற கண்ணாடிப் பெட்டிக்குள்
கரண்டியை விடாமல் பிடித்துக்கொள்ளும் தயிர்.
சனிக்கிழமை வெண்ணெய், இருந்தால்.
இல்லையென்றால் இல்லை.
லாக்டோமீட்டரை வாங்குபவரே போட்டுப் பார்க்கலாம்;
சங்கச் செயலாளர் வேங்கடவரதன்
தினமும் போட்டுப் பார்க்கிறார்.
மனுவை எழுதியவர் அவர்.
முதல் கையெழுத்து.
ஒன்றரை லிட்டர்.

பதினேழில் பதினொன்று வாடிக்கை.
வாடகை ஏறியதால் வீடு மாறியவர்கள் இரண்டு.
மீதி நான்கு பேர்
இன்னும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறார்கள்.
அவர்களையும் குறை சொல்வதற்கில்லை.
நாற்றம் இருக்கிறது.
கொளத்தூர் நர்சரியிலிருந்து வரும் மூன்று சக்கர வண்டி
பத்து மணிக்குச் சாணம் அள்ளிப்போகும் வரை
இருக்கிறது.
மழை நாளில் அதற்குப் பிறகும்.

நேற்று காலை அலைபேசி.
மண்டல அலுவலகத்திலிருந்து பேசுகிறார்களாம்.
"உங்க மனு நிலுவையில இருக்கு சார்.
மூணு பேருக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கல.
நீங்க நாலாவது.
புகார் இருக்கா, முடிச்சிரலாமா?"

இருக்கிறது என்றால் அரை உண்மை.
இல்லையென்றால் அரைப் பொய்.
சொல்லலாமென்று வாயெடுத்தேன்,
பின்னால் அடுப்பில்
சுவரேறும் பிள்ளைபோல
விளிம்பைப் பிடித்து எழும்பியது வெள்ளை.

ஒரு நிமிஷம் சார்,
லைன்லயே இருங்க,
பால் பொங்குது.