கட் பீஸ்

ஜங்ஷன் ஜவுளிக்கடை, இரண்டாம் மாடி,
பெண்கள் பிரிவு. காலை ஒன்பதிலிருந்து நிற்கிறேன்.
ஸ்டூல் உண்டு, சட்டப்படி.
அதன்மேல் சுடிதார் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன.

வாசலில் குடில் வைத்திருக்கிறார்கள்.
தெர்மோகோல் தொழுவம்,
வைக்கோலுக்குப் பதில் நைலான் இழை,
மூன்று ஞானிகளோடு நாலாவதாக
‘இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்’ நிற்கிறது.
இருபத்தோராம் தேதி
யார் வீட்டுப் பிள்ளையோ
பாலனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.
கோமதிநாயகம் அண்ணாச்சியிடம் சொன்னேன்.
‘கெடக்கட்டும் எப்சி. யாரு பாக்கப் போறா?
லைட்டு எரியுதுல்லா?’

எரிந்தது.
குடும்பம் குடும்பமாக நின்று போட்டோ எடுத்தார்கள்.
மரியாள் மட்டும் குனிந்து
ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
நானும் அதன்பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
கையில் எட்டு நைட்டி, கழுத்தில் டேப்,
எதிரே ‘சாயம் போகுமா’ என்று
ஐந்தாவது தடவை கேட்கும் டீச்சர்.
எங்கள் சபைதான்.
அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

இருபத்து நாலு, ராத்திரி பதினொன்று.
படிக்கட்டில் வைத்து இசக்கியம்மாள் கேட்டாள்:
‘ஏட்டி, ஒங்க சாமி பொறந்துட்டாரா இல்லையா?
தொட்டி வெறுசாக் கெடக்கு.’

தொட்டி.
முன்னணை என்று வாசித்தே பழகிவிட்டோம்.
அவள் விடியுமுன் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு
முதல் பஸ் ஏறுகிறவள்.
சரியாகச் சொல்லிவிட்டாள்.

நட்சத்திரம் படித்தவர்களுக்கு.
ஆடு காத்துக் கிடந்தவர்களுக்கு
வானம் சொன்ன அடையாளம் துணிதானே:
துணியில் சுற்றி ஒரு பிள்ளை கிடக்கும்,
போய்ப் பாருங்கள்.
பதினொரு வருஷமாகத் துணி மடிக்கிறேன்,
இது எனக்குத் தோன்றியதே இல்லை.

கட் பீஸ் கூடையில் கைவிட்டேன்.
முக்கால் மீட்டர் வெள்ளைப் பருத்தி,
ஓரத்தில் லேசாகக் கறை.
பில் போட்டேன், பத்தொன்பது ரூபாய்.
ஊழியர் கழிவு வேண்டாம் என்றேன்.
மடித்தேன், சுற்றினேன்.
உள்ளே யாரும் இல்லை,
ஆனாலும் தலைமாட்டைத் தாங்கியேதான்
கொண்டுபோனேன் ஐம்பது படி.
இசக்கி நைலானை ஒதுக்கினாள்.
‘இது குத்தும்ட்டி’ என்று
தன் கைக்குட்டையை அடியில் விரித்தாள்.

ஷட்டர் இறங்கும்போது ஒன்றே கால்.
வேன் பாலம் ஏறியது.
கீழே தாமிரபரணி, மழைத்தண்ணி,
இருட்டில் சத்தம் மட்டும்.
சமாதானபுரத்தில் இறங்கினேன்.
எனக்கென்று எடுத்த சேலைக்கு
ஜாக்கெட் தைத்து வரவில்லை.

நாலு மணி ஆராதனைக்குச் சீருடையிலேயே போனேன்,
நெஞ்சில் பெயர்ப்பட்டையைக் கழற்ற மறந்து.
சுற்றிலும் பட்டு, ஜரிகை, மடிப்புக் கலையாத புதுச்சட்டை.
பாதி நான் விற்றவை.
தள்ளுபடி போக எவ்வளவு என்பது வரை தெரியும்.
பிரசங்கத்தில் தூங்கிவிட்டேன்.
ஐயர் என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள்.
நற்கருணைக்குக் கெத்சி அக்காதான்
தொடையில் தட்டி எழுப்பினாள்.

பீடத்தருகே முழங்கால் போட்டேன்.
வீங்கிய உள்ளங்கால் இரண்டும்
கூரையைப் பார்த்தன.
யாரும் எழுந்து நில் என்று சொல்லவில்லை.
ஜெபம் எதுவும் வரவில்லை.
‘வந்துட்டீரே’ என்றேன்.
கண் கரித்தது,
தூக்கமில்லாததாலும் இருக்கலாம்.

பத்து மணிக்குக் கடை திறந்தார்கள்,
பண்டிகை நாளிலும் உண்டு வியாபாரம்.
குடிலைப் பார்த்தேன்.
நான் மடித்தது மடித்தபடி இல்லை.
சுற்று அவிழ்ந்து, ஒரு நுனி விலகி.

யாரோ தேடியிருக்கிறார்கள்.