வேலைக்கு முன், வேலைக்குப் பின்

கேப்பர் மலை ஏற்றத்தில்
முந்திரித் தோப்பு முடிகிற வளைவு.
பதினேழாம் நம்பர் கம்பம்.
லைனை நிறுத்தி, எர்த் ராடு மாட்டி,
ஏறி, இடுப்புப் பட்டை கட்டித் திரும்பினால்
காலுக்குக் கீழே ஒரு மரம்
முழுக்க வெள்ளை.

ஊரார் அண்ணாந்து பார்க்கும் பூ.
நான் பார்த்தது உச்சந்தலை,
வகிடெடுக்காத தலை.

கையுறையைப் பல்லால் கழற்றி
நான்கு படம் எடுத்தேன்.
ஒன்றில் என் பூட்ஸ் முனை.
ஒன்றில் கயிறு பிடித்து நிற்கும் தனவேல்,
"செல்ஃபியாண்ணே?" என்று திறந்த வாயோடு.

மரங்களை எனக்குப் பெயரால் பழக்கமில்லை,
அரிவாளால் பழக்கம்.
முருங்கை சொல்லாமல் முறியும்.
புளியங்கிளை கடைசி நாரைப் பிடித்துக்கொண்டு
அரைமணி ஊசலாடும்.
வேம்பு வெட்டிய அன்று
பிசைந்த சோறெல்லாம் கசக்கும்.
இதையும் வெட்டியிருக்கிறேன் வருஷா வருஷம்,
விழுந்த சத்தம்கூட நினைவில்லை.

வண்டிப்பாளையத்தில் ஃப்யூஸ் போடப் போன வீடு,
ஹாஜிரா மேடம், கல்லூரியில் தாவரவியல்.
கரண்ட் போனால் கூப்பிட என் நம்பரை வாங்கியவர்.
அவருக்கு அனுப்பினேன்.

பதிலாய்க் கேள்விகள் வந்தன.
இலை எதிரெதிரா, மாற்றி மாற்றியா?
கிள்ளினால் பால் வருமா?
பட்டை எப்படி? காய் உண்டா?
"பூ வெறும் புகையாகத் தெரிகிறது.
மரத்தடியில் நின்று ஒன்று எடுங்களேன்."

எந்தக் கம்பி எந்த ஃபேஸ் என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
இலை எதிரெதிரா, தெரியவில்லை.

அடுத்த வாரம்தான் போக முடிந்தது.
நடுவில் ஒரு கோடை மழை.
பூவெல்லாம் செம்மண்ணில் பழுப்பாய் ஒட்டிக் கிடந்தது,
மேலே ஒன்றில்லை.
இலை ஜோடி ஜோடி.
கிள்ளினேன், பால் வந்தது,
நகக்கண்ணில் பிசுபிசுத்தது.

"அப்படியானால் இரண்டு பாலையில் ஒன்று.
காயைப் பார்த்தால் சொல்லிவிடலாம்.
ஐப்பசியில் தொங்கியிருக்குமே."

ஐப்பசியில் வெட்டியவனே நான்தான்.

அடைமழைக்கு முன் கிளை கழிக்கையில்
கம்பத்துக்கு இரண்டு படம் கேட்பார் ஏ.ஈ.:
வேலைக்கு முன், வேலைக்குப் பின்.
போனில் பின்னோக்கித் தள்ளினேன்.
மகளின் ஹால் டிக்கெட்,
எரிந்த டிரான்ஸ்ஃபார்மர்,
யாரோ அனுப்பிய காலை வணக்கம்,
அப்புறம் பதினேழு.

வேலைக்கு முன்:
பச்சையாய் நீளக் காய்கள், இரண்டிரண்டு,
இடுக்கியின் கைகள்போல் வளைந்து
நுனியில் ஒன்றோடொன்று ஒட்டி.
வேலைக்குப் பின்:
கம்பி. வானம்.

முதல் படத்தை மட்டும் அனுப்பினேன்.

"நுனி ஒட்டியிருக்கிறது பாருங்கள். வெட்பாலை."
"வெட்டுப்பாலையா மேடம்?"
குரல் பதிவில் சிரிப்பு.
"வெள் பாலை. வெள்ளை.
வெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை."

சாப்பிடும்போது உறைத்தது
அந்தப் பெயரைத் தினமும் பார்க்கிறேன்.
கை கழுவாமல் எழுந்து போய்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த புட்டியைத் திருப்பினேன்.
அரசு ஆஸ்பத்திரி, சித்தா பிரிவு.
மூன்று வருஷமாய் முழங்கையில்
செதில் உதிரும் இடத்துக்குத் தடவுகிற
ஊதா எண்ணெய்.
தலையணை உறையெல்லாம் கறை என்று
அஞ்சலாட்சி திட்டாத நாளில்லை.

நான்காவது படத்தைப் பெரிதாக்கினேன்.
ஓரத்தில், மடித்த சட்டைக்குக் கீழே
என் முழங்கை.
பூவுக்கும் அதற்கும் ஒரு சாண்.

பிறகு ஐப்பசி வந்தது.
விதி விதிதான், கம்பியைக் கிளை தொடக்கூடாது.
வெட்டினேன்.
கொஞ்சம் தள்ளி, கணுவுக்கு மேலே,
தனவேல் எரிச்சலாகும் அளவுக்கு மெதுவாய்.
பதிவேட்டில் 'மரக்கிளை அகற்றம், 3' என்றெழுதி
பக்கத்தில் பெயரையும் எழுதினேன்.
"அதுக்கு இதுல இடமே இல்லையேண்ணே" என்றான்.

ஒரு கொத்தை மட்டும் வண்டிப் பெட்டியில் வைத்தேன்,
திருகாணிக்கும் டேப்புக்கும் நடுவே.
ராத்திரி திறந்தபோது
இலை கசங்கிய இடமெல்லாம்
கருநீலம்.